மேடையில் மதார் பாய் சொன்னது

சிவாஜிநகரில் மதார் பாயின் முகத்தைவிட அவருடைய குரல்தான் அதிகம் பேருக்குப் பழக்கம். பகலில் அவர் ஜவுளிக்கடைச் சிப்பந்தி. பாப்ளினும் மல்லும் அளந்து கிழித்துக் கொடுப்பார். கூட்டத்தில் விட்டால் தேடிக் கண்டுபிடிக்க முடியாத முகம். சாயங்காலம் எங்காவது மேடை போட்டு, கம்பத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிவிட்டால் அதே மனிதர் வேறு ஆளாகிவிடுவார். உருதுவில் பேசுகிறவர் இரண்டு வரி பேசி நிறுத்துவார். அந்த இரண்டு வரியைத் தமிழில் சொல்வது மதார் பாயின் வேலை.

அந்தச் சந்துகளில் மேல்விஷாரம், பேர்ணாம்பட்டுப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் நிறைய. கடையில் பேரம் பேசும் அளவுக்கு உருது வரும். மேடை உருது தலைக்கு மேலே போய்விடும். அவர்களை ஒட்டிய குடிசைப் பக்கத்தில் கோலார் தங்கவயலில் வேலை போய் வந்தவர்களும், வட ஆற்காட்டு ஜனங்களும். இவர்கள் எல்லாருக்கும் மௌலானாவானாலும் மந்திரியானாலும் மதார் பாயின் வாய் வழியாகத்தான் வந்து சேர்ந்தார்கள்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. 'அவர் சொல்கிறார்' என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். பேசுகிறவர் 'நான்' என்றால் இவரும் 'நான்' என்பார். பேசுகிறவர் தொண்டை கம்மினால் இவர் தொண்டையும் கம்மும். "சொன்னார் சொன்னார்னு சொன்னா ரேடியோ நியூஸ் ஆயிடும். கேக்குறவனுக்கு நேரா வந்து விழணும்," என்பார். வீட்டுக்குள் அரிசி களைந்துகொண்டு கேட்கும் பெண்களுக்கு மேடையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே தெரியாது. உருது வரி காற்றில் போய்விடும். மதார் பாய் சொன்னதுதான் பேச்சு.

இன்னொரு வழக்கமும் உண்டு, அது ஊருக்கே தெரியும். சூட்டைத் தணித்துச் சொல்வார். உருதுச் செய்தியை டி.வி.யில் போட்டதற்காக பெங்களூர் பற்றி எரிந்ததே, அந்தத் தொண்ணூற்று நாலில், ஒருவர் மேடையேறி ரத்தம், பழி என்று கொட்டினார். மதார் பாய் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, "மனசு ரொம்ப நொந்து போயிருக்கேன். பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நேரா வீட்டுக்குப் போங்க," என்று தமிழில் முடித்தார். பேசியவர் திருப்தியாக இறங்கிப் போனார்.

மைக் செட் ஹெர்பர்ட் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஹெர்பர்ட் தங்கவயலில் பிறந்தவர், நீலசந்திராவில் குடித்தனம். எந்தக் கட்சிக் கூட்டமானாலும் ஆம்ப்ளிஃபயரோடு வருவது அவர்தான். "உருதுல வெட்டுவாங்க, எங்க பாய் தமிழ்ல கட்டுப் போட்டு அனுப்புவாரு," என்பார்.

தொண்ணூறுகளில் சிவாஜிநகர் டீக்கடைகளில் பேச்சு ஒன்றேதான். தொழுகை வேறு, ஓட்டு வேறா? மார்க்கம் தெரிந்தவர்கள் சட்டசபைக்குப் போக வேண்டுமா, அல்லது அந்தச் சட்டசபையே நமக்கு ஆகாததா? அரசாங்கம் கொடுக்கிற இட ஒதுக்கீட்டை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதா? இளவட்டங்கள் புதுப்புது அமைப்புகளின் பெயரைச் சொல்லிச் சண்டை போட்டன. எல்லாத் தரப்பையும் மேடையில் 'நான்' என்று சொன்னவர் மதார் பாய். சொல்லிச் சொல்லி, தன்னுடையது என்று இதில் எது மிஞ்சியது என்று அவரிடம் கேட்டிருந்தால் விழித்திருப்பார்.

*

தொண்ணூற்றாறில் கார்ப்பரேஷன் தேர்தல் வந்தது. அவர்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. பள்ளிவாசல் முத்தவல்லி நிசார் ஹாஜியார், அதாவது நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் பெரிய மனிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதார் பாயின் வீட்டுக்கே வந்துவிட்டார். அந்த ஒற்றை அறையில் அவரை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் மதார் பாய் மடக்கு நாற்காலியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்க சம்சாரத்தை நிக்க வைங்க பாய். தெருவுல பாதிப் பொண்ணுங்களுக்கு ஓதிக் கொடுத்தது அவங்கதான். நல்ல பேரு."

கதவுக்குப் பின்னாலிருந்து பல்கீஸ் கேட்டாள். "பொம்பளைங்க நிக்கலாமா ஹாஜியார்? இப்ப நெறையப் பேரு கூடாதுங்கறாங்களே."

"நான் ஆலிம்கள்கிட்ட கேட்டுட்டேம்மா. மார்க்கத்துல தடையே இல்லை. நம்ம ஜனங்களுக்கு நம்ம ஆளு வேணும், அதுதான் மார்க்கம்."

மதார் பாய்க்கு அன்று சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

எதிரில் நின்றவள் ஹாஜிரா, கறிக்கடை சத்தாரின் மனைவி. அவள் போஸ்டரில் சத்தாரின் படம்தான் பெரிதாக இருந்தது. அவள் சத்தாரோடு ஆட்டோவில் வந்து, தெருமுனையில் இறங்கி, கும்பிடுவதா சலாம் சொல்வதா என்று தெரியாதவள் போல நின்றுவிட்டுப் போவாள். பல்கீஸ் அப்படியில்லை. முகத்திரையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, குடிசைப் பக்கத்துப் பாஞ்சாலியைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீடுவீடாக நுழைந்தாள். பாஞ்சாலி சித்தாள் வேலைக்குப் போகிறவள், குரல் பெரிசு.

ஒருநாள் குழாயடியில் பெண்கள் கூடியபோது பாஞ்சாலியே கேட்டுவிட்டாள். "ஒரு விசயம் சொல்லுக்கா. நீ ஜெயிச்சா மீட்டிங்குக்கு நீ போவியா, ஹாஜியார் மகன் போவாரா? ஊரெல்லாம் அவரு பேரைத்தான் சொல்லுது."

பல்கீஸ் யோசிக்கவே இல்லை. "நாற்காலி என் பேருக்கு வருது. நான்தான் உக்காருவேன். ஹாஜியார் மகன் வந்தா டீ வாங்கிக் குடுத்து அனுப்புவேன்."

பெண்கள் சிரித்த சிரிப்பு அன்று மாலையே பள்ளிவாசலுக்குப் போய்விட்டது. தொழுகை முடிந்து செருப்பு மாட்டும்போது நிசார் ஹாஜியார் மதார் பாயின் தோளில் கை போட்டார். "உங்க வீட்டம்மா நல்லாப் பேசறாங்க பாய்," என்றார். மதார் பாய் நன்றி சொன்னார்.

*

ஓட்டுப் போடும் நாளுக்கு முந்தின வாரம் மைதானத்தில் கூட்டம் ஏற்பாடாயிற்று. வடக்கேயிருந்து ஒரு ஹஜ்ரத், மார்க்கம் படித்தவர், வந்து பேசுகிறார், சமுதாய விழிப்புணர்வு, பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு. "நீங்கதான் தமிழ் சொல்லணும்," என்றார் ஹாஜியார். தன் மனைவிக்கு ஆதரவான கூட்டம் என்றுதான் மதார் பாய் எடுத்துக்கொண்டார். நம் ஆட்கள் கூட்டும் கூட்டம், வேறு எதற்காக இருக்கும்? பல்கீஸ் அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். மைதானத்தின் ஓரத்தில் பெண்களுக்குத் திரை கட்டியிருந்தார்கள், அதன் பின்னால் அவளும் போய் உட்கார்ந்தாள். ஹெர்பர்ட் சந்துகளுக்குள் எப்போதையும்விட அதிகக் குழாய்கள் கட்டியிருந்தார். அப்படிச் சொல்லியிருந்தார்கள்.

ஹஜ்ரத் இளையவர், அழகான உருது. அதிகாரம் என்பது அமானிதம், இறைவன் நம்மை நம்பி ஒப்படைத்த பொருள் என்று தொடங்கினார். மார்க்கத்தைப் பள்ளிவாசலுக்குள் பூட்டிவிட்டு அரசாங்கத்தை அடுத்தவன் கையில் கொடுத்தது நம் தவறு என்றார். மதார் பாய்க்கு வாக்கியங்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. சந்துகளில் கொட்டாவி விட்டவர்கள்கூட நிமிர்ந்து உட்காரும் தமிழ்.

பிறகு ஹஜ்ரத் குரலைத் தாழ்த்தினார். இந்த வார்டிலேயே ஒருவன் இருக்கிறான், தன் மனைவியை ஓட்டுப் பிச்சைக்காகத் தெருவில் இறக்கிவிட்டிருக்கிறான் என்றார்.

சத்தாரைச் சொல்கிறார் என்று மதார் பாய் நினைத்தார். ஹாஜியார் நேரடியாகச் சொல்ல முடியாததை ஆள் வைத்துச் சொல்கிறார், கெட்டிக்காரர். மதார் பாய்க்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. எத்தனையோ வருஷமாகப் போட்ட கட்டை அன்று அவர் போடவில்லை. வந்த சூட்டோடு வந்ததைச் சொன்னார். பாதியில் கொஞ்சம் சேர்க்கவும் செய்தார்.

"இந்த வார்டுல ஒருத்தன் இருக்கான். பொண்டாட்டியை ஓட்டுக்காகத் தெருவுல விட்டவன். அவனை நான் ஆம்பளைன்னு சொல்ல மாட்டேன். அந்த வீட்டுல ரோசம் செத்துப் போச்சு. பேரு பொம்பளைக்கு, அலையறது பொம்பளை, வெக்கம் மட்டும் யாருக்கும் இல்லை."

முன்வரிசையில் உருது தெரிந்தவர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்றாகச் சொல்கிறோம் போல என்று அவர் எண்ணினார்.

"நான் சொல்றேன், கேட்டுக்கோங்க. அவளுக்கு விழற ஒவ்வொரு ஓட்டும் பாவம். நாளைக்கு அல்லாஹ் கேப்பான்."

ஹஜ்ரத் கையிலிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்தார். "அந்தப் பெண்ணின் பெயர் பல்கீஸ் என்று கேள்விப்பட்டேன்," என்றார் உருதுவில். நிறுத்திவிட்டு மதார் பாயைப் பார்த்துத் தலையசைத்தார். "போலியே," என்றார். சொல்லுங்கள்.

மதார் பாய் மைக்கைப் பிடித்தபடி நின்றார். உள்ளே போன வார்த்தை தமிழாக மாறி வெளியே வரவில்லை. ஹாஜியாரைத் திரும்பிப் பார்த்தார். ஹாஜியார் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, மைதானத்துக் கோடியில் எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகன் கால்மேல் கால் போட்டிருந்தான். ஹஜ்ரத்துக்கு ஒன்றும் தெரியாது. தமிழ் சொல்கிறவர் யார், யாருடைய கணவர் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் மறுபடியும், மரியாதையாக, "போலியே ஜனாப்," என்றார்.

திரைக்குப் பின்னால் பெண்களோடு பல்கீஸ் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு உருது நன்றாகத் தெரியும்.

யாரோ ஒருவன் கீழேயிருந்து, "பல்கீஸ்னு சொல்றாரு, பல்கீஸ்னு!" என்று தமிழில் கத்தினான். அது மைக்கிலும் விழுந்தது.

அதன் பிறகுதான் மதார் பாய்க்கு வாய் திறந்தது. "அது என் சம்சாரம். நான் வேற யாரையோன்னு நெனச்சுச் சொல்லிட்டேன். நான் இதுவரைக்கும் சொன்னது..."

பள்ளிவாசலில் மக்ரிப் தொழுகைக்கான பாங்கு எழுந்தது.

பாங்கு ஆரம்பித்தால் மேடை மைக்கை அணைத்துவிடுவது ஹெர்பர்ட்டின் பழக்கம். யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. தலையைக்கூட நிமிர்த்தாமல் கை ஸ்விட்சுக்குப் போகும். அன்றும் போனது. மதார் பாயின் உதடு அசைந்துகொண்டிருந்தது. முதல் இரண்டு வரிசைக்குக் கேட்டிருக்கலாம். சந்துகளில் இருந்தவர்களுக்கு, பாவம் என்று மதார் பாய் சொன்னது கேட்டது, பல்கீஸ் என்ற பெயர் கேட்டது, பிறகு பாங்கு கேட்டது.

தொழுகை முடிந்து வந்தபோது ஹஜ்ரத்தின் கார் போயிருந்தது. ஹெர்பர்ட் ஒயரைச் சுற்றிக்கொண்டே நெருங்கி வந்தார்.

"நான் நிறுத்தியிருக்கக் கூடாது பாய்."

"பாங்கு சொல்றப்ப நிறுத்தாம?"

"அதான். கை போயிடுச்சு. இன்னிக்கு செட்டுக்குச் சொன்னது யாரு தெரியுமா? சத்தாரோட மச்சான். நான் அவனை ஹாஜியார் ஆளுன்னு நெனச்சேன்."

"ஹாஜியார் ஆளுதான்," என்றார் மதார் பாய். தான் சொன்னதை, ஹாஜியார் சத்தார் பக்கம் போய்விட்டார் என்பதை, அவரே பிறகுதான் புரிந்துகொண்டார்.

*

வீட்டில் பல்கீஸ் அழவில்லை. புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மதார் பாய் எதிர்பார்த்து வந்தது வேறு. திட்டுவாள், மேடையிலேயே தூக்கி எறிந்துவிட்டு வந்திருக்கக் கூடாதா என்பாள் என்று நினைத்தார்.

"யாரைன்னு நெனச்சுச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"ஹாஜிராவை. சத்தாரை."

"அப்ப அது பரவாயில்லையா?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பல்கீஸ் தொடர்ந்தாள்.

"பேரு வர்றதுக்கு முன்னாடி எனக்குப் புரிஞ்சிடுச்சு. நீங்க எப்பவும் மாதிரி மாத்திச் சொல்வீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். நீங்க மேல போட்டுச் சொன்னீங்க. வெக்கம் யாருக்கும் இல்லைன்னு அவரு சொல்லவே இல்லைங்க. அது உங்களுது."

மதார் பாய் கதவருகிலேயே நின்றார். கால் செருப்பைக் கழற்றவில்லை என்பது வெகு நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் வாழ்க்கையில் சொந்தமாக மேடையில் சொன்ன ஒரே வரி அதுவாக இருந்தது.

மறுநாள் காலையிலிருந்து அவரும் பல்கீஸோடு வீடுவீடாகப் போனார். கடைக்கு லீவு சொன்னார். ஒவ்வொரு வாசலிலும், "நான் அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன், அது என் வார்த்தை இல்லை," என்றார். மைக் இல்லாமல் அவர் குரல் சின்னதாக இருந்தது. சிலர் பாவம் பார்த்தார்கள். ஒரு வீட்டில் பீடி சுற்றும் பெண், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "மேடையில நிஜத்தைச் சொன்னீங்க பாய். இங்க பொண்டாட்டிக்காகப் பேசறீங்க. எங்களுக்குத் தெரியாதா?"

இன்னொரு வீட்டில் கோவிந்தராஜன் என்று தங்கவயல்காரர், சுரங்கத் தூசியில் நுரையீரல் போய்ப் படுக்கையிலேயே இருப்பவர். மதார் பாயின் முகத்தை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார். பார்த்ததில் அவருக்கு மகிழ்ச்சி.

"நீங்கதானா அது? கலவரத்தப்ப எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னு சொன்னீங்களே, என் பையன் அன்னிக்கு உங்க பேச்சைக் கேட்டுத்தான் திரும்பி வந்தான். நீங்க சொன்னா நாங்க தட்ட மாட்டோம் பாய். அந்தம்மாவுக்குப் போட வேண்டாம்னு வீட்டுல சொல்லிட்டேன்."

"இவங்கதான் அந்தம்மா," என்றார் மதார் பாய்.

கோவிந்தராஜன் பல்கீஸைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மூச்சு வாங்கியது. "நல்லவங்களாத்தான் தெரியறாங்க," என்றார். "ஆனா பாவம்னு சொன்னீங்களே."

வெளியே வந்ததும் பாஞ்சாலி பொறுக்க மாட்டாமல், "எந்த ஊரு நியாயம் இது? உங்க சாமி சமாசாரம், அவரு எதுக்குப் பயப்படறாரு?" என்றாள். பல்கீஸ் நடந்துகொண்டே இருந்தாள். மதார் பாய் வெயிலில் நின்றுவிட்டார். இத்தனை காலம் தன்னை நம்ப இத்தனை பேர் இருந்தார்கள் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த நம்பிக்கை எதற்கு உதவிற்று என்பதும் அன்றேதான்.

பல்கீஸ் தோற்றாள். தமிழ்ச் சந்துகளின் வாக்குச்சாவடியில் பாதிப் பேர் ஓட்டுப் போடவே வரவில்லை. ஹாஜிரா ஜெயித்தாள். சத்தார் மாலை போட்டுக்கொண்டு ஊர்வலம் போனார். ஹாஜியாரின் மகனுக்கு மார்க்கெட்டில் ஏதோ காண்டிராக்ட் என்று பேசிக்கொண்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஹாஜியார் ஜவுளிக்கடைக்கு வந்தார். வெள்ளை மல் துணி கேட்டார்.

"மனசுல வெச்சுக்காதீங்க பாய். அரசியல்."

"அன்னிக்கு மார்க்கம்னு சொன்னீங்க. வீட்டுக்கு வந்தப்பவும் மார்க்கம், மேடையிலயும் மார்க்கம்."

ஹாஜியார் சிரித்தார், கோபமே இல்லை. "ரெண்டும் வேற வேறன்னு உங்களுக்கு யாரு சொன்னது? நீங்களே மைக்குல எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க. மீலாத் கூட்டத்துக்கு வந்துடுங்க."

மதார் பாய் துணியை அளந்து, மடித்து, கொடுத்தார். கூட்டத்துக்கு வர முடியாது என்றார். இப்படிச் சொந்த வாயால் ஒருவரிடம் முடியாது என்று சொன்னது எப்போது என்று அவருக்கு நினைவில்லை. அதன் பிறகு அவர் மேடை ஏறவில்லை. இரண்டாயிரத்தில் கடை கைமாறும் வரை அங்கேதான் வேலை பார்த்தார். புதிதாக வந்த பையன்களுக்கு அவர் யாரென்றே தெரியாது.

ஆனால் சொல்ல வேண்டியது அதற்கு முன்னால் நடந்த ஒன்று. தேர்தல் முடிந்த அந்தக் குளிர்காலத்தில், ஒரு மத்தியானம், வாசலில் ஆட்டோ நின்றது. ஹாஜிரா இறங்கினாள். கூட சத்தார் இல்லை. கையில் கார்ப்பரேஷன் காகிதங்கள் ஒரு கட்டு. பல்கீஸை அக்கா முறை வைத்து 'ஆபா' என்றாள்.

"ஆபா, இதெல்லாம் கன்னடத்துல இருக்கு. எனக்குப் படிக்க வராது. அவரு, நீ கையெழுத்து மட்டும் போடுங்கறாரு. எதுலன்னு தெரியாம எப்படிப் போடறது? உங்களுக்குக் கன்னடம் படிக்கத் தெரியும்னு குழாயடியில சொன்னாங்க."

பல்கீஸ் காகிதத்தை வாங்கவில்லை. மடக்கு நாற்காலியை விரித்தாள். ஹாஜிரா உட்காராமல் நின்றாள். மூலையில் இருந்த மதார் பாயைப் பார்த்ததும் திரையை இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு அவரிடம் இல்லாமல், பல்கீஸிடமே பேசினாள்.

"அன்னிக்கு மைக்குல பாய் சொன்னாரே. நான் சமையக்கட்டுல இருந்தேன். என்னைத்தான் சொல்றாருன்னு நெனச்சேன் ஆபா. ரோசம் இல்லாத வீடு, வெக்கம் இல்லைன்னு. கதவைச் சாத்திட்டு, காதைப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டேன். பேரு சொன்னது எனக்குக் கேக்கலை. மறுநாள்தான் உங்களைன்னு சொன்னாங்க."

ஆட்டோக்காரன் வெளியே ஹாரன் அடித்தான்.

"உங்களைன்னு தெரிஞ்சதும் எனக்கு நிம்மதியாப் போச்சு. சந்தோஷம்கூட. அதைச் சொல்லாம இந்தப் பேப்பரை உங்க கையில குடுக்க எனக்கு வாய் வரலை."

மதார் பாய் தலையைக் குனிந்துகொண்டார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது, தமிழிலோ உருதுவிலோ. ஒரு மொழியிலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

பல்கீஸ் கை நீட்டிக் காகிதக் கட்டை வாங்கினாள். "ஆட்டோவை அனுப்பிடு ஹாஜிரா," என்றாள். "இது படிக்க நேரமாகும்."